ஆறு வருடம் சும்மா இருந்தவர்

அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, மரியாதைக்கு, "இருங்கோ அங்கிள்" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, எனக்கு வேலை முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். நல்ல மனதோடு செய்ததற்கு இப்படி ஒரு பதில். இந்த மனிதரோடு கரைச்சல்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அதில் நான் பிழைவிடவில்லை.

அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவரால் இரண்டு பேருக்கு வேலை போனது. ஒருத்தி நான்.

மெல்பேர்னில், ஸ்பிரிங்வேல் பகுதியில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கார் திருத்துகிற கடைகளுக்கு நடுவில் எங்கள் கொம்பனி இருந்தது. துப்புரவுக் கொம்பனி. பள்ளிக்கூடம், நூலகம், டாக்டர்மார் இருக்கிற கட்டிடம் எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பிக் கூட்டித் துடைக்கிற வேலை. முன்னுக்கு இரண்டு அறை, பின்னுக்குத் தகரக் கூரை போட்ட ஸ்டோர். முன்னுக்கு நான். யாருக்கு எந்த இடத்தில் வேலை என்று ரோஸ்டர் போடுவது, தொலைபேசி எடுப்பது, கடிதம் அடிப்பது, முதலாளிக்குத் தேத்தண்ணி போடுவது எல்லாம் என் தலையில். பின்னுக்கு அவர். கெமிக்கல் டிரம்களும் மொப்புகளும் பொலிஷ் மெஷின்களும் அவருடைய பொறுப்பு. 2010இல் நான் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. எல்லாரும் அங்கிள் என்போம். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவர் தென்னாப்பிரிக்காவில் டேர்பனில் பிறந்த தமிழர். கரும்புத் தோட்டத்துக்குப் போன சனத்தின் நாலாம் தலைமுறை. அவருடைய தமிழ் எங்களுடைய தமிழும் இல்லை, படத்தில் கேட்கிற தமிழும் இல்லை. நாலு வசனம் தமிழில் வரும், அஞ்சாவது வசனம் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். மகளோடு இருக்க மெல்பேர்னுக்கு வந்தவர். "அப்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று மகள் சொன்னாளாம். மூன்றாம் நாள் வேலை தேடி ரோட்டில் இறங்கியிருக்கிறார்.

ஒரு டிரம்மைத் திறந்தால் அதன் மேல் கறுப்பு மார்க்கரால் தன்னுடைய பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் போடுவார். அவர் திறக்காத டிரம்மில் போட மாட்டார். செத்தாலும் போட மாட்டார். ஒருமுறை பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் வருகிற நாள். யாரோ ஒரு பொடியன் அவருக்குச் சொல்லாமல் ஒரு பிளீச் டிரம்மைத் திறந்து, அரைவாசி எடுத்துக்கொண்டு போய்விட்டான். முதலாளி பதறிக்கொண்டு பின்னுக்கு ஓடினான்.

"அங்கிள், உங்கட எழுத்தைப் போட்டு விடுங்கோ. அவன் வந்திட்டான், வாசல்ல நிக்கிறான்."

"நான் தொறக்கல."

"தெரியும். சும்மா போடுங்கோவன்."

"சும்மா போடுறதுன்னா என்னா?"

கடைசியில் அந்த ஆள் பார்த்துக்கொண்டு நிற்கவே, டிரம்மை மோந்து, அளவு கோல் விட்டுப் பார்த்து, "வேறு யாரோ திறந்தது, நான் சோதித்தது" என்று ஆங்கிலத்தில் நீட்டி எழுதி, பிறகுதான் தன் எழுத்தைப் போட்டார். வந்தவன் சிரித்துவிட்டுப் போனான். முதலாளி சிரிக்கவில்லை.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. எதற்கெடுத்தாலும் அதைக் கேட்பார். "இதுக்கு யாரு வேணாம்னு சொல்லலாம்?" புது மொப் வாங்கப் போகிறோம் என்றால், "சரி, யாரு வேணாம்னு சொல்லலாம்?" நத்தார் பண்டிகைக்குப் புரியாணியா பீட்சாவா என்று பேச்சு வந்தபோதும் அதே கேள்வி. "ஐயோ அங்கிள், நீங்களே வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, நாங்கள் சாப்பிடாமல் வீட்டை போறம்" என்று நான் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் பதில் வரும்வரை விடவில்லை.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. அவர் ஒரேயடியாகச் சொல்லவில்லை. ஸ்பிரே போத்தல்களுக்குக் கெமிக்கல் நிரப்பும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாகச் சொல்வார். நான் போய் நின்றால் சொல்லுவார். கேட்டால் சொல்லமாட்டார்.

டேர்பனில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் ஸ்டோர் பார்த்திருக்கிறார். முதலாளி வெள்ளைக்காரன். வெள்ளையர் ஆட்சி போன பிறகு அங்கே ஒரு சட்டம் வந்தது. இவ்வளவு காலமும் ஒதுக்கி வைக்கப்பட்ட கறுப்புச் சனத்துக்கும் கொம்பனிகளில் பங்கும் பதவியும் இருக்க வேண்டும். இருந்தால்தான் அரசாங்க ஒப்பந்தம் சுலபமாகக் கிடைக்கும். அந்தச் சட்டத்தில் இந்தியரும் கறுப்பர் கணக்குத்தான். ஒருநாள் முதலாளி இவரைக் கூப்பிட்டு, "இன்று முதல் நீ ஒரு டைரக்டர்" என்றானாம். கண்ணாடி போட்ட அறை, பெயர் அடித்த கார்ட், சுழல்கிற கதிரை. ஸ்டோர் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"என்ன செய்தனீங்கள் அங்கை?" என்று கேட்டேன்.

"பேப்பர் படிச்சேன்."

"பிறகு?"

"பேப்பரதான். ஆறு வருஷம்."

"ஏன் அங்கிள் ஒத்துக்கொண்டனீங்கள்?"

அதற்கு அவர் ஏழ்மை, பிள்ளைகள் படிப்பு, அது இது என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "கார்ட் நல்லா இருந்திச்சு" என்றார். "என் வொய்ஃப் அத கோயில்ல எல்லாருக்கும் காட்டுனா. எனக்கும் புடிச்சிருந்திச்சு. பொய் சொல்லக்கூடாது."

பழைய கூட்டாளிகளைப் பார்க்க ஒருமுறை ஸ்டோருக்குள் போயிருக்கிறார். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்களாம். அதற்குப் பிறகு போகவில்லை.

ஆறாம் வருடம் அரசாங்கத்திலிருந்து ஒரு கறுப்புப் பெண் விசாரிக்க வந்திருக்கிறாள். சின்ன வயது. போன மாதம் கொம்பனி என்ன வாங்கியது என்று கேட்டாள். இவருக்குத் தெரியவில்லை. கடைசியாக யாரை வேலைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டாள். யாரையும் இல்லை. எதையாவது வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறீர்களா என்று கேட்டாள். எதையும் இல்லை. அவள் ஃபைலை மூடிவிட்டு, "இந்த இடத்தில் உண்மையாக வேலை செய்யக்கூடிய ஒருவர் ஆறு வருடமாக வெளியில் நின்றிருக்கிறார், தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாளாம். திட்டவில்லையாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். வெள்ளைக்கார முதலாளி, "எனக்கு ஒன்றும் தெரியாது, டைரக்டரைக் கேளுங்கள்" என்று இவரைக் காட்டிவிட்டான்.

"சட்டத்துல ஒண்ணும் தப்பு இல்லம்மா. நல்ல சட்டம். நான்தான் அதுல ஓட்ட போட்டேன்" என்றார். போத்தலை நிரப்பி மூடியைத் திருகினார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார்.

எங்கள் முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னார்க்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். ஒரே சேர்ச். எனக்கு வேலை தந்ததும் அந்தப் பழக்கத்தில்தான். என்னை அக்கா என்பான், நான் தம்பி என்பேன். கோயில் பெருநாள் என்றால் முதல் ஆளாக நின்று வேலை செய்வான். டாக்ஸி ஓடி, இரவில் ஒஃபிஸ் கழுவி, முதுகு முறிந்து அந்தக் கொம்பனியைக் கட்டினான். கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லாமல் இருக்கவும் வராது.

2011 கடைசியில் ஒரு காலை அவன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, நாலு பெரிய அரசாங்கக் கட்டிடம். டெண்டர் வருகுது. அபொரிஜினி ஆக்களின்ர கொம்பனி எண்டால் அவங்கள் முதல்ல பாப்பாங்களாம்."

"எங்கட கொம்பனியில ஆர் அபொரிஜினி? நீயோ?"

"பகிடி விடாதேங்கோ. டெபி இருக்கிறாள்தானே. பாதிக்குக் கூடப் பங்கை அவளின்ர பேருக்கு மாத்தி, டிரெக்டராப் போட்டால் முடிஞ்சுது. பின்னால இன்னொரு பேப்பரில எல்லாம் எனக்கெண்டு எழுதி வாங்கிப் போடுவம். பேருக்குத்தானே."

டெபி எங்கள் தரை பொலிஷ் போடுகிற குழுவுக்குத் தலைவி. அபொரிஜினி, அதாவது இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண். கிழக்கே கடற்கரைப் பக்கத்து ஊர். நாற்பது வயது, பெரிய சிரிப்பு, அதைவிடப் பெரிய வாய். அந்த மெஷினை அவள் ஒற்றைக் கையால் ஆட்டுவாள். நான் இரண்டு கையாலும் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறேன். அவளும் அவரை அங்கிள் என்பாள். நாங்கள் கூப்பிடுவதைப் பார்த்துக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். அவளுடைய சனத்திலும் மதிக்கிற மூத்தவரை அங்கிள் என்பார்களாம். "எல்லாரையும் சொல்ல மாட்டோம்" என்றாள். "உன் முதலாளிக்கு ஐம்பது வயதானாலும் சொல்ல மாட்டேன்."

முதலாளி டெபியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அந்தப் பின்னால் வருகிற பேப்பரைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள், நான் என் தமிழில் தருகிறேன். "நான் முதலாளியா? அப்படியென்றால் உன்னை வேலையால் நிறுத்தலாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். முதலாளியும் சிரித்தான். அந்த நேரம் பார்த்து அங்கிள் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார். கையில் ஈரத் துணி.

"அவளுக்கு என்னா வேலை?" என்று கேட்டார்.

"அங்கிள், நீங்கள் போய் போத்தலை நிரப்புங்கோ."

"நெரப்பிட்டேன். டைரக்டர்னா என்னா வேலை? யார எடுக்கணும், எந்த வெலைக்குப் போகணும், இத வேணாம்னு... இதெல்லாம் அவ சொல்லுவாளா?"

"சொல்லுவாள், சொல்லுவாள்."

"அப்ப அவளுக்குக் கத்துக் குடுக்கணும். டெண்டருக்கு ஆறு வாரம் இருக்கு. நான் கூடப் போறேன். இத நெசமாவே செய்யலாம் தம்பி. செஞ்சா உனக்கும் நல்லது. பின்னால யாரு வந்து கேட்டாலும் பயம் இருக்காது."

முதலாளி யோசித்தான். ஒரு பூர்வகுடிப் பெண் நேரில் போய்க் கட்டிடத்தைப் பார்த்தால் அங்கே இருக்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று கணக்குப் போட்டிருப்பான். "சரி, கூட்டிக்கொண்டு போங்கோ" என்றான். அதுதான் அவன் விட்ட பிழை. அப்படி ஒரு பிழையை எங்கள் ஆட்கள்தான் விடுவார்கள். ஆளை வெறும் பெயராகப் போட நினைப்பது, பிறகு அந்த ஆளையே கெட்டிக்காரியாகக் காட்ட ஆசைப்படுவது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு கிழமையும் அங்கிளைப் பார்க்க வேண்டும். பத்து வயது குறைந்துவிட்டது. டெபியும் அவரும் நாலு கட்டிடத்தையும் மாடி மாடியாக நடந்தார்கள். துப்புரவு வேலைக்கு விலை போடுவது நிமிடத்தால். ஒரு கழிவறைக்கு எத்தனை நிமிடம், ஒரு நடைபாதைக்கு எத்தனை நிமிடம் என்று கூட்டி, அதை மணித்தியாலமாக்கி, ஆள் எண்ணிக்கை போடுவது. அதை நாங்கள் மேசையில் இருந்து போடுவோம். டெபி மொப்பைப் பிடித்துப் போட்டாள். அங்கிள் கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார். ஒரு பிற்பகல் இருவரும் திரும்பி வந்து என் மேசையில் காகிதத்தைப் பரப்பினார்கள்.

"நீங்கள் ஒரு கழிவறைக்கு இரண்டு நிமிடம் போட்டிருக்கிறீர்கள்" என்றாள் டெபி. "நான் செய்தால் ஐந்து. நான் கெதியாகச் செய்கிறவள். ஈரத் தரை காய விடுவதற்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இந்தக் கணக்கில் ஆள் போட்டால் ஒன்றில் கழுவாமல் விடுவார்கள், இல்லாவிட்டால் சம்பளமில்லாமல் நின்று கழுவுவார்கள். நான் இரண்டும் செய்தவள்."

அங்கிள் சுவரோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

முதலாளி தன் அறையிலிருந்து வந்து காகிதத்தைப் பார்த்தான். "இந்த நேரம் போட்டால் எங்களுக்கு ஒருநாளும் கிடைக்காது" என்று அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னான்.

"அப்படியென்றால் கிடைக்க வேண்டாம். என் பெயரில் போகிற விலை என்றால் இதுதான் விலை."

"டெபி, நீ கையெழுத்துப் போட்டால் போதும்."

"போட மாட்டேன்" என்றாள். கத்தவில்லை. மெஷின் சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

அவள் போன பிறகு அவன் என்னோடு பாய்ந்தான். "பேருக்கு நில்லெண்டுதானே கேட்டனான்? எனக்குக் கணக்குப் படிப்பிக்கச் சொல்லியோ கேட்டனான்? வெள்ளையள் எல்லாம் இதைத்தான் செய்யிறாங்கள் அக்கா. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அபொரிஜினி கூட்டாளி இருக்கிறான், கடுதாசியில. நாங்கள் செய்தால் மட்டும் பாவமோ?" என்னிடம் கேட்டான். நான் ரோஸ்டர் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை டெபிக்கு நாலு ஷிஃப்ட்டில் இரண்டு வெட்டச் சொன்னான். வெட்டினேன். அதற்கடுத்த கிழமை இன்னொன்று. ரோஸ்டர் போடுவது நான்தானே. மாதம் முடிய அவள் வரவில்லை. சாவியைத் தபாலில் அனுப்பியிருந்தாள்.

எனக்குக் கோபம் அங்கிளோடுதான் வந்தது. ஸ்டோருக்குள் போய் நின்று கொட்டினேன். "நீங்கள் மூக்கை நுழைச்சதாலதான் அவளுக்கு இந்த நிலை. பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு வேலையும் இருந்திருக்கும், கையில ஒரு கார்ட்டும் இருந்திருக்கும்."

"ஆமா" என்றார்.

"ஆமாவோ? அவ்வளவுதானோ?"

"நான் அவகிட்ட போன வாரமே போய்ச் சொன்னேன். என்னாலதான் போச்சுன்னு. அவ என்னா சொன்னா தெரியுமா? 'அங்கிள், ரெண்டு நிமிஷத்துல டாய்லெட் கழுவச் சொன்னது நீங்களா?'ன்னா." சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போத்தல் எடுக்கப் போனார். நிரப்பத் தொடங்கினார். பாதி கெமிக்கல் தரையில் போனது. அதைத் துடைத்தார். பிறகு துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

டெண்டர் முடிய நாலு நாள் இருக்கும்போது முதலாளி ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். பங்கு மாற்றுகிற பத்திரம், டைரக்டராக இருக்கச் சம்மதம், பங்கெல்லாம் முதலாளிக்கே என்று எழுதிய மற்றப் பேப்பர், எல்லாம். கெவின் என்று ஒரு பூர்வகுடி ஆள் கையெழுத்துப் போட்டிருந்தான். ஆளை எங்கோ ஒரு விளையாட்டுக் கழகத்தில் முதலாளியின் கூட்டாளி ஒருவன் பிடித்தானாம்.

"அக்கா, சாட்சி எண்ட இடத்தில நீங்கள் ஒரு சைன் வையுங்கோ. அவர் உங்களுக்கு முன்னால போட்டவர் எண்டு."

அங்கிள் வாசலில் நின்றார். அவருக்கு அந்தக் கிழமையோடு கணக்கு முடிக்கச் சொல்லியாயிற்று. ஸ்டோருக்கு இனி ஆள் தேவையில்லையாம்.

"ஆளு எங்க?" என்று கேட்டார்.

"உங்கட வேலையைப் பாருங்கோ" என்றேன். முதலாளி சொல்லவில்லை. நான் சொன்னேன்.

சைன் வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்போது என் மனுசனுக்கு வேலை இல்லை. அவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடி எட்டு மாதம். வீட்டுக்கு என் உழைப்பு மட்டும்தான். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

கடைசி நாள் அங்கிள் என்னை ஸ்டோருக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு தட்டாக, ஒவ்வொரு டிரம்மாகக் காட்டி, நான் கண்ணால் பார்த்த பிறகுதான் பொறுப்பெடுக்கிற தாளில் என் கையெழுத்தை வாங்கினார். மூன்று மணித்தியாலம். கால் கடுத்தது. "ஏன் அங்கிள் இந்தச் சித்திரவதை?" என்று கேட்டேன். "நீதான சைன் போடப் போறே" என்றார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் அறைவதற்குச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் வேலை ஒப்படைக்கத் தெரியும். வாசலில் மகளின் கார் வந்து நின்றது. ஏறிப் போய்விட்டார்.

பழைய இரண்டு நிமிடக் கணக்கிலேயே டெண்டர் கிடைத்தது. கேக் வெட்டினோம். நானும் ஒரு துண்டு தின்றேன்.

ஆறு மாதம் போயிருக்கும். அந்த நாலு கட்டிடத்தில் ஒன்றில், எங்கள் ஆளான ஒரு வியட்நாம் பெண், தான் கழுவிய தரை காயும் முன் அதே தரையில் வாளியோடு ஓடி விழுந்தாள். மணிக்கட்டு இரண்டாக முறிந்தது. வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசாங்க அலுவலகம் விசாரணைக்குக் கடிதம் போட்டது. கடிதம் டைரக்டருக்குத்தானே போகும். கெவினின் வீட்டுக்குப் போனது.

ஒரு திங்கள் காலை, தோய்த்துத் தேய்த்த சேர்ட்டோடு ஒரு மனிதன் உள்ளே வந்தான். ஐம்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். முதலாளி வெளியில் போயிருந்தான்.

"இந்தக் கொம்பனியில் வேலைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன். இப்போது ஷிஃப்ட் இல்லை, வந்தால் சொல்கிறோம் என்று சொன்னீர்கள்" என்றான். சொன்னது நான்தான். யாரோ கெவின் வேலை கேட்டு எடுக்கிறான் என்று நினைத்து, மற்றவர்களுக்குச் சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறேன். "இப்போது இந்தக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு பெண் கையை முறித்துக்கொண்டாளாம். அவளுக்கு யார் பயிற்சி கொடுத்தது என்று என்னைக் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது? எனக்கு இன்னும் வேலையே தரவில்லையே?"

கடிதத்தோடு அவன் கையெழுத்துப் போட்ட பத்திரத்தின் பிரதியும் இருந்தது. அந்தக் கழகத்தில் ஒருவன், "இதில் கையெழுத்துப் போட்டால் துப்புரவு வேலைக்குப் பெயர் சேரும்" என்று சொல்லியிருக்கிறான். இவன் போட்டிருக்கிறான். அவன் விரலால் ஒரு வரியைத் தொட்டான். பிறகு என் மேசையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தான்.

"நான் கையெழுத்துப் போட்டதைப் பார்த்ததாக எழுதியிருக்கிறவர் நீங்களா?"

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"நான் உங்களை இதற்கு முன் பார்த்ததே இல்லையே, அம்மணி" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஞாபகப் பிழை வந்துவிட்டது என்று நினைத்து, அதைத் திருத்துகிற மாதிரிச் சொன்னான்.

விசாரணைக்கு நான் அவனோடு போனேன். நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். எழுதிக் கொடுத்தேன். டெபி போட்ட நிமிடக் கணக்கின் பிரதி என் மேசை லாச்சியில் இருந்தது, அதையும் கொடுத்தேன். பொய்ச் சாட்சி வைத்ததற்கு எனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அது பிறகு பார்க்கிற விஷயம் என்றார்கள். கெவினின் பெயரை அந்த விசாரணையில் இருந்து எடுத்தார்கள். அன்று பின்னேரமே முதலாளி என்னை நிறுத்தினான். "சேர்ச்சில என்ர முகத்தைப் பாராதேங்கோ அக்கா" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு சேர்ச்சில் கண்டபோது நான் பாராமல் விட்டேன். பார்த்தால் என்ன செய்வான்?

ஒரு கிழமை வீட்டில் இருந்தேன். பிறகு அங்கிளின் மகள் வீட்டைத் தேடிப் போனேன். பின்வளவில் நின்று மகளின் வேலிப் பலகைக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்துவிட்டார். தூரிகையைக் கீழே வைக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சைன் வைத்தது, கெவின் வந்தது, விசாரணை, நான் சொன்னது, எனக்கு வேலை போனது. என் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

அவர் நல்லதாக ஏதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேன். இவ்வளவு நாளும் அவரைத் திட்டின வாய்க்கு அது ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் ஒரு பலகையை முழுதாக அடித்து முடித்தார்.

"அந்தாளுக்கு வேலை கிடைச்சிச்சா?" என்றார்.

"எந்தாளுக்கு?"

"கெவினுக்கு. வேலை கேட்டுத்தான வந்தாரு?"

அதை நான் கெவினிடம் கேட்கவே இல்லை.